மண்ணாகாமல் மிஞ்சிய கல்

இலங்கையின் காலி மாவட்டத்தில், அம்பலாங்கொடைக்குச் சற்று உள்ளே, மீட்டியாகொட என்ற ஊர். அங்கே ஒடுக்கமான குழிகளுக்குள் இறங்கித் தோண்டினால் கையோடு வருவது பெரும்பாலும் வெள்ளைக் களிமண்தான். மாவு போல வழவழவென்றிருக்கும். பீங்கான் செய்ய உதவும் கயோலின் அது. அதற்குள் எப்போதாவது கல்லுப்புக் கட்டி மாதிரி ஒரு துண்டு தட்டுப்படும். கழுவி, வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தால், கல்லுக்குள்ளிருந்து பால்நீல ஒளி ஒன்று மிதந்து நகரும். அது சந்திரகாந்தக் கல்.

நிலவொளி பட்டால் இந்தக் கல் நீர் கசியும் என்று பழைய புலவர்கள் பாடிவைத்தார்கள். கசியாது. அதன் பிறப்பு அதைவிட விசித்திரம்.

பூமிக்கடியில் பாறைக்குழம்பு இறுகும்போது இந்தக் கல் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமாகப் பிறந்தது. சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து கட்டிய ஒரு கூடு. அதில் குடியிருப்பவை பொட்டாசியமும் சோடியமும். சுமார் 700 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கூடு தளர்வாக இருக்கும், இரண்டும் கலந்தே வாழும். சூடு தணியத் தணியக் கூடு இறுகும். பொட்டாசியம் உருவில் பெரியது, சோடியம் சிறியது. இனி ஒரே வீட்டில் இருக்க முடியாது. கல் கெட்டியாகவே இருக்க, அதற்குள்ளேயே அவை மெல்ல நகர்ந்து, பொட்டாசிய அடுக்கு, சோடிய அடுக்கு என்று மாறி மாறிப் பிரிந்துகொள்கின்றன.

எல்லாம் இந்தப் பாகப்பிரிவினையின் வேகத்தில்தான் இருக்கிறது. சட்டென்று குளிர்ந்துவிட்டால் பிரிய நேரமில்லை. கல் வெறுமனே தெளிவாக நிற்கும். மிக நிதானமாகக் குளிர்ந்தால் அடுக்குகள் தடித்து வரிவரியாகிவிடும். இரண்டுக்கும் நடுவே, ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க மெல்லிய அடுக்குகள் அமைந்தால், உள்ளே போன ஒளி அவற்றில் பட்டுச் சிதறுகிறது. அடுக்கு மிக மெலிதானால் நீலம், சற்றுத் தடித்தால் வெண்மை. மீட்டியாகொடக் கல்லுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த நீலம்.

பிறகு பாறை மேலே வந்தது. தென்னிலங்கையின் மழையும் வெக்கையும் ஃபெல்ட்ஸ்பாரைக் கரைத்துக் கயோலினாக்கின. ஆக, கல்லைச் சுற்றியிருக்கும் அந்த வெள்ளை மண் வேறு யாருமல்ல, அதன் உடன்பிறப்புகளே. கோப்பையும் தட்டும் ஆவது அவர்கள் பங்கு.

மிஞ்சியது சாணைக்குப் போகிறது. வைரம் மாதிரி இதற்குப் பட்டை தீட்டுவதில்லை. அடி தட்டையாக, மேல் வழுக்கைத்தலை போலக் குவியும்படி இழைக்கிறார்கள். அடுக்குகள் அடிப்பகுதிக்கு இணையாக அமைய வேண்டும். கொஞ்சம் கோணினாலும் ஒளி நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடிவிடும். இரண்டு திசைகளில் எளிதாகப் பிளக்கும் சுபாவம் வேறு. சாணைக்காரரின் பொறுமைக்கு அது பெரிய சோதனை.

விற்பனையில் பெயர்க் குழப்பமும் உண்டு. வானவில் சந்திரகாந்தம் என்று கடைகளில் கிடைப்பது லாப்ரடோரைட் வகை, உறவுக்காரக் கல்தான், இதுவல்ல. பால்நிறக் கண்ணாடியையும் இதே பெயரில் தலையில் கட்டுவார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் அசல் கல்லில் சில சமயம் பூரான் ஊர்வது போன்ற நுண்விரிசல் தெரியும். கண்ணாடியில் அது இருக்காது.

மோதிரமான பிறகும் கவனம் வேண்டும். கனிமங்களின் கடின அளவுகோலில் இதன் இடம் 6 முதல் 6.5 வரைதான், தெருப்புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகளுக்கோ 7. தூசியோடு அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். சோப்புத் தண்ணீரில் அலசி, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுக்க வேண்டும்.