மயிலிட்டியில் வளராத மயிலிட்டிக்காரர்

யாழ்ப்பாணத்தில் யாரையும் புதுசாய்ச் சந்தித்தால், பேருக்கு அடுத்ததாய் வாற கேள்வி "நீங்கள் எவடம்?" என்பதுதான். நான் மயிலிட்டி என்று சொல்லுவன். ஆனால் பிறந்ததும் வளர்ந்ததும் மல்லாகத்துப் பக்கம். 14 வயசு மட்டும் நான் மயிலிட்டியைக் கண்ணால் கண்டதில்லை. வலிகாமம் வடக்கில், 1990க்குப் பிறகு பிறந்த கனபேருக்கு இதுதான் கதை.

பிறகு ஏன் மயிலிட்டி என்று சொல்லுறம்? இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கு. எங்கட பக்கத்தில் ஊர் என்பது பெரும்பாலும் அம்மா வழியாய் வாறது. தாயின் சீதனக் காணி மகளுக்குப் போகும். கலியாணம் கட்டின மாப்பிள்ளை பெண்ணின் வளவுக்கு வந்து இருப்பார். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்து, 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்றுக்கொண்ட தேசவழமையில் இந்தச் சீதன முறை இருக்கு. காணி உறுதிகளைப் பார்த்தால் தெரியும்: எல்லைகளோடு, கிணற்றில் உள்ள பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கும். ஆக, ஒரு பிள்ளை எங்கே வளரும், எந்தக் கிணற்றில் தண்ணி அள்ளும் என்பதையெல்லாம் அது பிறக்க முதலே உறுதி தீர்மானித்துவிடும்.

1990 ஜூனில் அந்தச் சங்கிலி அறுந்தது. யுத்தம் திரும்பத் தொடங்க, பலாலிப் படைத்தளத்தையும் காங்கேசன்துறையையும் சுற்றியிருந்த ஊர்ச்சனம் முழுக்க வெளிக்கிட்டது. கொஞ்ச நாளில் திரும்பலாம் என்று நினைத்துத்தான் போனவை. 1950இல் தொடங்கின காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. ரயிலும் நின்றது. ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாகின. 1995 ஒக்டோபரில் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது, ஏற்கெனவே இடம்பெயர்ந்த ஆக்கள் இரண்டாந்தரமும் இடம்பெயர்ந்தார்கள். வலிகாமம் திரும்பினாலும் அவர்களுக்கு ஊர் இல்லை. மல்லாகம், கோணப்புலம் பக்கத்து முகாம்களும் வாடகை வீடுகளும்தான்.

மயிலிட்டி வடக்கின் முக்கியமான மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. அந்தச் சனம் கடல் தெரியாத இடத்தில் இருந்தது. தோணி ஓட்டினவை மேசன் வேலைக்கும் கூலி வேலைக்கும் போனார்கள். சோழகம், வாடை, கொண்டல், கச்சான் என்று நாலு காற்றுக்கும் எங்களுக்குப் பேர் தெரியும். எந்தக் காற்றுக்கு வலை எடுத்துக்கொண்டு இறங்கலாம் என்று தெரியாது. சொல்லித் தரக்கூடிய ஆக்கள் பக்கத்தில்தான் இருந்தார்கள், கடல்தான் பக்கத்தில் இல்லை.

எங்கட அம்மாவுக்கு 2000ஆம் ஆண்டுக் கலியாணத்தில் சீதனமாய் வந்தது ஒரு உறுதி. காணி முட்கம்பிக்கு அங்கால் இருந்தது. போய்ப் பார்க்க முடியாத காணியைத் தாளில் மகளுக்குக் கொடுத்த குடும்பங்கள் இப்படிப் பல. யுத்தம் முடிந்து நாலு வருசத்தால், 2013 ஏப்ரலில், 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாய் அரசு அறிவித்தல் ஒட்டினபோது ஆயிரக்கணக்கான ஆக்கள் நீதிமன்றத்துக்குப் போனதற்கும் இதுதான் காரணம். அந்தத் தாள் போனால் அவர்களிடம் வேற ஒண்டும் இல்லை.

2017 ஜூலை 3இல் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றி 54 ஏக்கரும் விடப்பட்டன. 27 வருசம். வீடுகள் இல்லை, வேலிகள் இல்லை, பத்தைதான். பெரியாக்கள் முதலில் தேடினது கிணற்றை. கிணறு பிடிபட்டால் அதிலிருந்து அளந்து வளவைக் கண்டுபிடிக்கலாம். உறுதியில் எழுதியிருந்த கிணற்றுப் பங்கு அன்றைக்கு அடையாளமாய் உதவினது.

ஆனால் அம்மம்மாவின் காணி நாலு பரப்பு. அவவுக்கு மூன்று பெண் பிள்ளையள், அவைக்கும் பிள்ளையள் இருக்கினம். 1990இல் ஒரு குடும்பம் விட்டுப்போன வளவுக்கு இப்ப நாலு குடும்பம் உரித்து. இடையில் வந்த ஒவ்வொரு மகளுக்கும் ஊரிலேயே ஒரு துண்டு வாங்கி, ஒரு வீடு எழுப்பியிருக்க வேண்டிய காலம் அந்த 27 வருசம். அந்தக் காலத்தை யாரும் விடுவிக்கவில்லை.

இதை "மீள்குடியேற்றம்" என்று சொல்லுகினம். அம்மம்மாவுக்கு அது சரி, அவ மீண்டாதான். எனக்கு அது முதல் குடியேற்றம். பள்ளிக்கூடமும் சிநேகிதரும் வேலையும் மல்லாகத்தில் இருக்கிற ஒரு பெடியன் மயிலிட்டிக்குப் போய் இருக்கவில்லை என்றால், அதற்கு ஊர்ப்பற்று இல்லை என்று அர்த்தம் இல்லை. போய்த் தொழில் செய்ய நினைக்கிறவனுக்குக் காணியோடு, வலையும் படகும், கடலைப் பழக்கிவிட ஒரு ஆளும் வேணும். 1990இல் இருந்த குடும்பங்களை மட்டும் எண்ணுகிற கணக்கில் அவன் வரமாட்டான். காணி இன்னும் விடுபடாத வீட்டுப் பிள்ளையள் அந்தக் கணக்கிலும் இல்லை.

விட்ட ஏக்கர்களை எண்ணுவது சுகம். அந்த ஏக்கர்களில் வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளையளையும் சேர்த்து எண்ணினால்தான் வலிகாமம் வடக்கின் வரலாறு முழுசாகும். முகாமில் வளர்ந்த காலமும் மயிலிட்டியின் வரலாறுதான். அதை எழுத வேண்டியது அங்கே வளராத நாங்கள்.