சாதிக்கோழியும் குப்பைக்கோழியும்

யாழ்ப்பாணத்து வேலியோரங்களில் மேயும் கோழிகளை நாம் இரண்டாக வகுத்துப் பேசுகின்றோம். தானாக இரைதேடித் தானாகப் பெருகுவது ஊர்க்கோழி. விலைகொடுத்து வாங்கி வளர்ப்பது நல்ல சாதிக்கோழி. மாமரத்துக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் வழங்கும் இந்தச் 'சாதி' என்னும் சொல்லையே மனிதருக்கும் வழங்குகின்றோம். கோழிக் கூட்டிலும் குடிமனையிலும் ஒரே சொல் நடமாடும்பொழுது, அது தன்னோடு ஒரு கொள்கையையும் சுமந்து திரிகின்றது. உயர்வு இரத்தத்தில் உள்ளது, கலந்தால் அது கெடும் என்பதே அக்கொள்கை. கோழியின் இறகுநிறம் பற்றிய ஆராய்ச்சியின் வரலாற்றைப் பார்த்தால், அக்கொள்கைக்குக் கோழி ஒருபொழுதும் சாட்சி சொல்லவில்லை என்பது புலனாகும்.

எமது பாடசாலைக்கு அயலில் வாழும் மூதாட்டியொருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளை லெகோன் சேவலொன்றை வாங்கித் தம்முடைய கறுப்பும் சிவப்புமான ஊர்ப்பேடுகளோடு விட்டார். பொரித்த குஞ்சுகள் யாவும் வெள்ளையாகவே வளர்ந்தன. சிலவற்றில் மாத்திரம் இரண்டொரு கரும்புள்ளி. மூதாட்டி மகிழ்ந்தார். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தம்முட் கூடி ஈன்ற அடுத்த தலைமுறையிலோ வெள்ளைக்கு நடுவே கறுப்பும் வரியும் சிவப்பும் தலைகாட்டின. "பாத்தியளே மாஸ்ரர், நல்ல சாதியெண்டு வாங்கினன். பேரப்பிள்ளையளிலை சாதி கெட்டுப் போச்சுது" என்று அவர் எம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவர் கண்டது உண்மை. கண்டதற்கு அவர் இட்ட பெயரே பிழை. அந்தப் பிழையை அவர் தாமாகச் செய்யவில்லை. கற்றறிந்த உலகமே நெடுங்காலம் அப்படித்தான் பேசிற்று.

இங்கிலாந்தில் 1835 ஆம் ஆண்டுச் சட்டம் சேவற்சண்டையைத் தடைசெய்தது. பின்னர், கோழி வளர்ப்பில் நாட்டமுடைய செல்வரும் கைவினைஞரும் கண்காட்சிகளின் பக்கம் திரும்பினர். சீனத்திலிருந்து பெருங்கோழிகள் வந்திறங்கியபொழுது அந்த ஆர்வம் ஒரு காய்ச்சலாகவே பரவிற்று. எந்த இனத்துக்கு எந்த நிற இறகு, எவ்வகைக் கொண்டை, எந்த நிறக் கால் என்று வரையறுத்த முதலாவது விதிநூல் 1865 இல் அங்கே வெளிவந்தது. விதிக்கு அமையாத பறவை கழிவெனப்பட்டது. அதே 1865 ஆம் ஆண்டு பெப்ரவரியிலும் மார்ச்சிலும், புறூண் நகரில், குடியானவர் மகனாகிய துறவி கிரெகர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கலந்து தாம் கண்ட முடிவுகளைப் படித்துக்காட்டினார். கண்காட்சி நடுவர் எவரும் அதனை அறிந்திலர்.

டார்வினும் அறிந்திலர். எனினும் அவர் தம் கோழிக்கூட்டிலே ஒரு விந்தையைக் கண்டிருந்தார். கருநிற ஸ்பானியச் சேவலை வெண்ணிறப் பட்டுக்கோழிப் பேட்டோடு சேர்த்தார். குஞ்சுகள் கரிபோலக் கறுத்திருந்தன. ஆனால் அவற்றுள் ஒரு சேவல் வளர்ந்தபொழுது காட்டுச் செங்கோழியின் செம்பொன் இறகுகளைப் பூண்டு நின்றது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்ததில் காட்டின் செம்மை எவ்வாறு வந்தது? மூதாதையரிடம் மீளுதல் என்று 1868 இல் வெளிவந்த தம் நூலில் அதற்குப் பெயரிட்டார். மறைந்திருந்த நிறம் அழியாமல் இருந்தது என்பது மட்டும் அவருக்குத் தெளிவாயிற்று. அது எங்கே, எப்படி மறைந்திருந்தது என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

மெண்டலின் கட்டுரை 1900 இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட பின்னரே விடை கிடைத்தது. கேம்பிரிட்சுக்கு அருகே தம் வீட்டுத் தோட்டத்தில் வில்லியம் பேற்சன் கோழிகளை வளர்த்தார். மனைவி பியற்றிஸ் துணை நின்றார். மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதைக் கோழியைக்கொண்டு 1902 இல் அவர் காட்டினார். இவ்வறிவுத்துறைக்கு ஆங்கிலப் பெயரைச் சூட்டியவரும் அவரே. எமது இலங்கைப் பாடநூல்கள் அதனைப் 'பிறப்புரிமையியல்' என்று மொழிபெயர்த்தன. பிறப்பினால் உரிமை என்ற பழைய நச்சுக் கருத்தை முறியடித்த ஓர் அறிவியலுக்கு இப்படியொரு பெயர் வாய்த்தது!

பேற்சனும் அவர்தம் தோழர் பனற்றும் ஆராய்ந்தவற்றுள் நீல அந்தலூசியக் கோழியின் கதை நெஞ்சில் நிற்பது. சாம்பல் கலந்த நீல இறகுடைய அக்கோழிக்குக் கண்காட்சியிற் பெருமதிப்பு. ஆனால் நீலத்தை நீலத்தோடு எத்தனை தலைமுறை சேர்த்தாலும், ஏறத்தாழப் பாதிக் குஞ்சுகளே நீலமாயின. காற்பங்கு கறுப்பாயிற்று, மற்றக் காற்பங்கு ஆங்காங்கே கறை தெறித்த வெள்ளையாயிற்று. தம் கோழியின் இரத்தத்தில் ஏதோ மாசு கலந்துவிட்டதென்று வளர்ப்போர் நம்பினர். கறுப்பையும் வெள்ளையையும் கழித்துக் கழித்து நீலத்தைத் தூய்மைப்படுத்த முயன்று தோற்றனர். பேற்சன் குழுவினர் கழிக்கப்பட்ட அவ்விரண்டையும் எடுத்துச் சேர்த்தனர். கறுப்பும் கறைவெள்ளையும் சேர்ந்து பிறந்த குஞ்சுகள் அனைத்தும் நீலம்! உயர்ந்தவை என்று போற்றப்பட்டவை தம்முட் கூடிப் பாதியளவே தந்த நிறத்தை, குப்பையென ஒதுக்கப்பட்டவை கூடி முழுமையாகத் தந்தன.

இதன் உட்பொருள் எளியது. ஒவ்வோர் உயிரும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகப் பரம்பரையலகுகளை இணையிணையாகப் பெறுகின்றது. நீலக் கோழி ஒரே இணையில் இருவேறு அலகுகளைத் தாங்கிய பறவை. பிறப்பிலேயே அது கலப்பு. கலப்பை நிலையான தூய இனமாக்க முயன்றதே வளர்ப்போரின் தவறு. மூதாட்டியின் லெகோனும் இத்தகைய பாடமே. லெகோனின் வெள்ளை, கருநிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும் ஓர் ஆட்சியுடைய அலகின் வேலை. ஓர் அலகு இருப்பினும் போதும், கறுப்பு மறைந்துவிடும். அதனால் முதற்றலைமுறை முழுவதும் வெள்ளை. அத்தலைமுறை தம்முட் கூடினால், நாலில் ஒன்று அந்த அலகு ஒன்றேனும் இல்லாமற் பிறக்கும். திரை விலகியதும் உள்ளிருந்த நிறம் வெளிவரும். அக்கறுப்பிலும் வரியிலும் ஒரு பங்கை வெள்ளைச் சேவலே தன் இறகுக்குள் மறைத்துக் கொண்டுவந்திருக்கலாம். அந்தத் திரையாகிய அலகு எதுவென்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2004 இல் கண்டறிந்தனர்.

அதே நாட்டு ஆய்வாளர் 2008 இல் இன்னொன்றையும் வெளியிட்டனர். வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை காட்டுச் செங்கோழிதான். ஆயினும், பல இனங்களின் தோலையும் காலையும் மஞ்சளாக்கும் அலகு, தென்னிந்தியக் காடுகளிலும் வாழும் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததாம். வெள்ளை லெகோனின் மஞ்சட்கால் இத்தகையது. தூய சாதி என்று விலைகூறப்படும் கோழி, இரண்டு காட்டினங்களின் கலப்பைத் தன் காலிலேயே காட்டிக்கொண்டு நிற்கின்றது.

இவ்வறிவு எவர் கையிற் சேர்ந்தது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. கோழியிற் பேட்டின் பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. குறுக்கு வரி, பொன்னிறம், வெள்ளிநிறம் ஆகியவற்றுக்கான அலகுகள் அமைந்த நிறமூர்த்தத்தைத் தாய் தன் ஆண்மக்களுக்கே கொடுக்கின்றது. இதனை அறிந்து இணைசேர்த்தால், முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே குஞ்சின் தூவிநிறத்தைக்கொண்டு ஆணையும் பெண்ணையும் பிரிக்கலாம். சிறு வளர்ப்போனுக்கு இது பெருநன்மை. பெருமுதற் பண்ணைகளோ முட்டையிடாத சேவற்குஞ்சுகளை முதல்நாளிலேயே கொன்றொழிக்கும் வழக்கத்தை வளர்த்தன. ஜெர்மனி 2022 இல் அதனைச் சட்டத்தால் தடுத்தது.

கோழியோடு நின்றிருந்தாலும் அமைதியடையலாம். அமெரிக்கரான சாள்ஸ் டேவன்போட் 1906 இல் கோழிகளின் பாரம்பரியம் பற்றி நூல் எழுதியவர். 1910 இல் அவரே மனித குலத்தை 'மேம்படுத்தும்' நோக்கோடு ஓர் ஆவணநிலையத்தைத் தொடங்கினார். கொண்டைக்கும் இறகுக்கும் கண்ட கணக்கை வறுமைக்கும் குற்றத்துக்கும் அவர் விரித்தார். அந்த நிலையத்தார் திரட்டிய வாதங்கள், ஏழைகளையும் நோயாளரையும் மலடாக்கும் சட்டங்களுக்கும், 1924 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்கும் துணைபோயின. ஜெர்மனியில் 1933 இல் நாசிகள் கட்டாய மலடாக்கற் சட்டத்தை இயற்றினர். அவர்களது கொலைப்படையின் தலைவனான ஹிம்லர் விவசாயப் பட்டம் பெற்றவன். 1928 இல் மூனிக் நகருக்கு அருகே கோழிப்பண்ணை நடத்தியவன். பண்ணை நட்டப்பட்டது. கோழியைத் தெரிந்தெடுப்பதுபோல் மனிதரைத் தெரிந்தெடுக்கும் எண்ணம் அவனை விட்டு நீங்கவில்லை. அதன் விலையை ஐரோப்பாவின் யூதரும் பிறரும் தம் உயிராற் செலுத்தினர்.

அதே அறிவியலிலிருந்தே மறுப்பும் எழுந்தது. இளமையிற் கோழிகளின் பாரம்பரியத்தை ஆராய்ந்த ஜே. பி. எஸ். ஹோல்டேன், 1938 இல் பாரம்பரியமும் அரசியலும் பற்றி எழுதிய நூலில் இனவாதிகளின் கணக்கைப் பிழையென்று நிறுவினார். 1957 இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து 1964 இல் அங்கேயே மறைந்தார். சோவியத் அறிஞர் செரப்ரோவ்ஸ்கி 1920களில் தாகெஸ்தான் மலைக்கிராமங்களின் கலப்புக் கோழிகளை ஆராய்ந்தார். ஒரு நாட்டின் ஊர்க்கோழிக் கூட்டம் முழுவதும் சேர்ந்து ஒரு பரம்பரைச் செல்வம் என்ற கருத்தை உலகுக்கு அவர் வழங்கினார். அவர் மறைந்த 1948 ஆம் ஆண்டிலேயே, லைசென்கோவின் பிடிவாதத்தால், அவருடைய அறிவியல் அந்நாட்டில் தடைக்குள்ளாயிற்று. முற்போக்கின் பெயரால் நிகழ்ந்த அந்தத் தவற்றையும் நாம் மறைத்தலாகாது. உண்மையை அஞ்சுகின்ற இயக்கம் மக்களுக்குப் பயன்படாது.

இனி எம் ஊருக்கு வருவோம். கோழியினம் ஒன்று எவ்வாறு நிலைக்கின்றது? வளர்ப்போன் கூட்டின் கதவைச் சாத்துகின்றான். எது எதனோடு சேரவேண்டும் என்பதை அவனே தீர்மானிக்கின்றான். கதவு திறந்த அன்றே கோழி தன் விருப்பப்படி கூடும். யாழ்ப்பாணத்தில் மனிதச் சாதியும் கதவுகளாலேயே காக்கப்பட்டது. கிணற்றுக்கும் தேநீர்க்கடைக்கும் பாடசாலை வாங்குக்கும் அந்தக் கதவு இருந்தது. தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1957 இல் வந்தது. பதினோராண்டு கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்நுழைய உரிமை கேட்டுப் போராட நேர்ந்தது. சேவலைக் கொடியில் ஏற்றிய கடவுளின் வாயில் அது! அந்தச் சேவலின் நிறத்தை எவரும் கேட்டறியார். அடியாரின் பிறப்பை மட்டும் கேட்டறிந்தனர்.

ஒன்று சொல்லுதல் வேண்டும். மனிதர் சமமென்பதற்கு நாம் கோழியிடம் நியாயம் தேடவில்லை. நீல அந்தலூசியன் வேறுவிதமாகப் பொரித்திருப்பினும் கிணற்றுத் தண்ணீர் எல்லார்க்கும் உரியதே. பிறப்புயர்வுக்காரர் கோழிக்கூட்டைச் சாட்சிக்கு அழைத்தமையால், அந்தச் சாட்சியை நாமும் குறுக்குவிசாரணை செய்தோம், அவ்வளவே.

குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் எமக்குக் கிட்டவில்லை. அவர் ஆண்ட உவமையே பெயராகி, குப்பைக் கோழியார் என்று அவரை அழைக்கின்றோம். குப்பையிற் கிளறும் கோழி ஒரு புலவருக்குப் பெயராவதை அக்காலத் தமிழர் இழிவாகக் கருதவில்லை.

மூதாட்டிக்கு நாம் இவ்வளவும் சொல்லவில்லை. "அம்மா, சாதி கெடேல்லை. வெள்ளைக்குள்ளை ஒளிச்சிருந்த நிறந்தான் வெளியிலை வந்திருக்குது" என்று மாத்திரம் சொன்னோம். அவர் சிறிது யோசித்தார். அடுத்த கிழமை சந்தைக்குக் கொடுக்க வைத்திருந்த வரிப்பேட்டை அவிழ்த்துவிட்டு, "அப்ப இதுவும் நிக்கட்டும்" என்றார். இப்பொழுது நாம் ஒன்பதாம் வகுப்பிற்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கும்பொழுது 'நல்ல சாதி' என்று மாணவர் எழுதினால், 'நல்ல இனம்' என்று திருத்தி, ஏன் திருத்தினோம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுகின்றோம்.