ஒரே குப்பை வண்டி, வேறு வேறு சம்பளம்: தூய்மைப் பணியாளர் பிரச்சினையின் பின்னணி என்ன? எளிய விளக்கம்

தினமும் காலையில் நம்ம வீட்டு வாசலில் குப்பை வாங்க வரும் அக்கா யாருடைய ஊழியர்? மாநகராட்சியா, தனியார் நிறுவனமா? நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அவரது சம்பளத்தைத் தீர்மானிப்பதே இந்தக் கேள்விதான்.

மாநகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

நாம் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரி, தொழில் வரி ஆகியவை முக்கிய வருமானம். பத்திரப் பதிவு மீதான கூடுதல் வரியில் பங்கு, மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் ஆகியவையும் வரும். குப்பை அகற்றுவது, குடிநீர், தெருவிளக்கு போன்ற 18 பணிகளை நகர அமைப்புகளிடம் ஒப்படைக்க வழி செய்தது 74-வது அரசியல் சட்டத் திருத்தம்.

சென்னையில் என்ன நடந்தது?

2025-ல் சென்னை மாநகராட்சியில் மொத்தம் 15 மண்டலங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றில் குப்பை சேகரிப்பு ஏற்கெனவே தனியாரிடம் போய்விட்டது. 2025-ல் ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6-வது மண்டலங்களும் ஒப்படைக்கப்பட்டன.

அங்கே தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் பல ஆண்டுகளாக வேலை செய்தவர்கள், தாங்கள் வாங்கிய சுமார் 23,000 ரூபாய் சம்பளம் தனியாரிடம் சுமார் 17,000 ஆகக் குறையும் என்றார்கள். பணி நிரந்தரம் கேட்டு ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்பு போராடினார்கள். 13-ம் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினர். தனியார்மயத் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்த உயர்நீதிமன்றம், கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்றது.

தனியாருக்கு ஏன் கொடுக்கிறார்கள்?

வண்டி, இயந்திரம், ஆள் எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில் கிடைக்கும். ஓய்வூதியச் சுமையும் இல்லை. சரி, மிச்சமாகும் பணம் எங்கிருந்து வருகிறது? குப்பை அள்ளும் வேலையில் பெரிய செலவே ஆள் கூலிதான். அதனால் ஒப்பந்தத் தொகையைக் குறைத்தால், முதலில் அடிபடுவது சம்பளமாகத்தான் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரே வேலை செய்யும் தற்காலிக ஊழியருக்கும் நிரந்தர ஊழியரின் அடிப்படை ஊதிய விகிதம் தர வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஊழியர் ஒப்பந்ததாரரின் ஆளாகிவிட்டால், அந்த உரிமையை மாநகராட்சியிடம் கேட்பது கடினம். ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால், வேலை கொடுத்த முதன்மை நிறுவனம்தான் தர வேண்டும் என்றது, 2025 வரை அமலில் இருந்த 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். இது பாக்கி சம்பளத்துக்குத்தான் பாதுகாப்பு, சம்பள உயர்வுக்கு அல்ல.

நாம் கவனிக்க வேண்டியது என்ன?

நிரந்தர ஊழியர் சம்பளம் பட்ஜெட்டில் ஊதியச் செலவாக வரும். ஒப்பந்தப் பணியாளர் சம்பளமோ நிறுவனத்துக்குத் தரும் மொத்தத் தொகைக்குள் மறைந்துவிடும். அடுத்த முறை பட்ஜெட் வரும்போது ‘குப்பைக்கு எத்தனை கோடி’ என்பதோடு நிறுத்தாமல், ‘அதில் அள்ளுபவர் கைக்குப் போவது எவ்வளவு’ என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். அது நம்ம வரிப்பணம்தானே!