நெட்வொர்க் அட்மின் முதல் சூப்பர் கம்ப்யூட்டர் நிர்வாகி வரை... சேலம், நாமக்கல் மாணவர்கள் என்ன படிக்கணும்? எங்கே வேலை இருக்கு?

கம்ப்யூட்டர் படிப்பு என்றால் கோடிங், கோடிங் என்றால் பெங்களூரு. சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் இருக்கும் கணக்கு இதுதான். ஆனால், எழுதிய கோடு ஓடுவதற்கு ஒரு சர்வர் வேண்டும். அந்த சர்வரை மற்றவர்களோடு இணைக்க நெட்வொர்க் வேண்டும். ராத்திரி 2 மணிக்கு அது படுத்துவிட்டால், எழுப்பி உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர்தான் சிஸ்டம் அட்மின், நெட்வொர்க் அட்மின்.

இதே வேலையின் பெரிய அண்ணன்தான் ஹெச்பிசி எனப்படும் உயர்திறன் கணினி நிர்வாகம். அதாவது, சூப்பர் கம்ப்யூட்டரைப் பராமரிக்கும் வேலை. நாமக்கல்லில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருச்சியிலேயே அப்படி ஒரு இயந்திரம் இருக்கிறது. இந்தத் துறையில் என்ன வேலை, என்ன படிப்பு, எங்கே வாய்ப்பு? விரிவாகப் பார்ப்போம்.

நெட்வொர்க் அட்மின் என்னதான் செய்வார்?

ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். மாணவர்களின் லேப், ஆசிரியர்களின் கம்ப்யூட்டர், கட்டணம் வசூலிக்கும் அலுவலகம், விடுதி வைஃபை, சிசிடிவி கேமரா என எல்லாமே ஒரே கேபிள் கூட்டத்தில்தான் வந்து சேரும். எந்தக் கம்ப்யூட்டர் எதனோடு பேசலாம், எதனோடு பேசக்கூடாது என்று தீர்மானிப்பவர் நெட்வொர்க் அட்மின். ஸ்விட்ச், ரவுட்டர், ஃபயர்வால் ஆகியவற்றை அமைப்பது, ஐபி முகவரிகளைப் பிரித்துக் கொடுப்பது, பேக்கப் எடுப்பது, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற லாக் பதிவுகளைக் கண்காணிப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

இதில் முக்கியமானது பிரித்து வைப்பது. லேப் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் அது கணக்குப் பிரிவு சர்வர் வரை போகக்கூடாது. வீட்டுக்குள் அறைக்கு அறை கதவு வைப்பது போலத்தான். ஒரு அறையில் தீப்பிடித்தால் கதவைச் சாத்தி மற்ற அறைகளைக் காப்பாற்றலாம்.

அந்தக் கதவு சரியாக இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி எய்ம்ஸ் ஓர் உதாரணம். 2022 நவம்பர் 23-ஆம் தேதி அங்கு சைபர் தாக்குதல் நடந்தது. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளி பதிவு, பரிசோதனை முடிவு என எல்லாவற்றையும் பல நாள்கள் பேனா, பேப்பரில்தான் எழுத வேண்டியிருந்தது. நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே இதற்குக் காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

அதே 2022-இல் ஏப்ரல் 28-ஆம் தேதி செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு பிறப்பித்திருந்தது. சைபர் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சம். இதைச் செய்ய நிறுவனங்களுக்கு விவரம் தெரிந்த ஆள் தேவை.

அப்போ சூப்பர் கம்ப்யூட்டர் என்பது என்ன?

பெயரைக் கேட்டதும் சினிமாவில் வரும் ஒற்றை ராட்சத மெஷின் நினைவுக்கு வரலாம். உண்மையில் அது நூற்றுக்கணக்கான சர்வர்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு. இதை கிளஸ்டர் என்பார்கள். அதில் உள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு.

திருச்சி என்ஐடியில் உள்ள 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் 2022 மே 25-ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது. இதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள். அப்படியானால் 838 டெராஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். மருந்து மூலக்கூறு ஆய்வு, வானிலைக் கணிப்பு, பொருளறிவியல் போன்றவற்றுக்கு இத்தகைய இயந்திரங்கள்தான் கைகொடுக்கின்றன.

இதைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகியின் வேலை நான்கு பக்கமும் விரிந்து கிடக்கும்.

• வரிசை: ஒரே நேரத்தில் பல ஆய்வாளர்கள் மெஷினைக் கேட்பார்கள். நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸில் யாருக்கு எத்தனை வண்டி, எத்தனை நாளுக்கு என்று பிரித்துக் கொடுப்பது போல, யாருக்கு எத்தனை நோடு, எத்தனை மணி நேரம் என்று ஒதுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களில் ஸ்லர்ம் பிரபலமானது. அதற்கான விதிகளை எழுதுபவர் நிர்வாகி.

• வேகமான இணைப்பு: நோடுகள் ஒன்றுக்கொன்று ஓயாமல் பேச வேண்டும். சாதாரண ஆபீஸ் நெட்வொர்க் இதற்குத் தாங்காது. அதனால் இன்ஃபினிபேண்ட் போன்ற தனி இணைப்பு வேண்டும்.

• சேமிப்பு: பல நோடுகள் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் லஸ்டர் போன்ற கோப்பு அமைப்புகள் தேவை.

• சூடு: லாரி இன்ஜினுக்கு ரேடியேட்டர் மாதிரி இதற்கும் குளிர்ச்சி வேண்டும். பரம் பொருளில் திரவத்தை நேரடியாகப் பாகங்களின் அருகே கொண்டுபோய் வெப்பத்தை எடுக்கும் முறை பயன்படுத்தப்படுகிறது.

இதற்கெல்லாம் அடித்தளம் லினக்ஸ். உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் 2017 நவம்பர் பட்டியல் முதலே லினக்ஸில்தான் இயங்குகின்றன. லினக்ஸ் தெரியாமல் இந்தத் துறைக்குள் கால் வைக்க முடியாது.

ஒரு சின்ன தவறு எவ்வளவு பெரிய இழப்பு?

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் நடந்ததைப் பாருங்கள். பழைய லாக் கோப்புகளை அழிக்க வேண்டிய பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோதே, அதைத் திருத்திய புதிய வடிவம் அதன் மேல் எழுதப்பட்டது. பாதியிலிருந்து புதிய ஸ்கிரிப்டைப் படித்த கணினி, அழிக்கக்கூடாத ஆய்வுத் தரவுகளை அழித்துவிட்டது. சுமார் 77 டெராபைட், ஏறக்குறைய 3.4 கோடி கோப்புகள் போயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அதில் 4 குழுக்களின் தரவை பேக்கப்பில் இருந்தும் மீட்க முடியவில்லை. பராமரிப்பு நிறுவனம் தவறை ஏற்றுக்கொண்டது.

அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம், திருடப்பட்ட லாகின் விவரங்களைக் கொண்டு ஊடுருவியதால் பிரிட்டன், ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பல சூப்பர் கம்ப்யூட்டர்கள் நிறுத்திவைக்கப்பட்டன. கமாண்ட் தெரிந்தால் மட்டும் போதாது, என்டர் தட்டும் முன் ஒருமுறை யோசிக்கும் நிதானமும் வேண்டும் என்பதுதான் இந்தச் சம்பவங்கள் சொல்லும் பாடம்.

இந்தியாவில் இந்தத் துறை எப்படி வளர்ந்தது?

1988: புனேயில் சி-டாக் நிறுவனம் தொடக்கம்.

1991: விஜய் பட்கர் தலைமையில் இந்தியாவின் முதல் சூப்பர் கம்ப்யூட்டர் பரம் 8000 உருவானது.

2004: சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் 'கப்ரு' லினக்ஸ் கிளஸ்டர் உலகின் டாப் 500 பட்டியலில் இடம்பிடித்தது.

2015: ரூ.4,500 கோடி மதிப்பில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு ஒப்புதல்.

2019: இத்திட்டத்தின் முதல் இயந்திரமான பரம் சிவாய், வாரணாசி ஐஐடியில் தொடங்கிவைக்கப்பட்டது.

2024: புனே, டெல்லி, கொல்கத்தாவில் 3 பரம் ருத்ரா இயந்திரங்கள் செப்டம்பர் 26-ஆம் தேதி அர்ப்பணிப்பு. அதே ஆண்டு மார்ச்சில் ரூ.10,371.92 கோடி மதிப்பிலான இந்தியா ஏஐ திட்டத்துக்கும் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது.

ஏஐ-க்குத் தேவையான ஜிபியு கிளஸ்டரும் கிட்டத்தட்ட இதே மாதிரியான அமைப்புதான். அதனால் ஹெச்பிசி தெரிந்தவருக்கு ஏஐ உள்கட்டமைப்பு வேலையும் அந்நியமில்லை.

என்ன படிக்கணும்?

10-ஆம் வகுப்பு முடித்தவர்கள்: பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ சேரலாம். கேபிளிங், ஹார்டுவேர் கைப்பழக்கம் இங்கே கிடைக்கும்.

12-ஆம் வகுப்பு முடித்தவர்கள்: பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ., பி.இ. என எதுவும் சரி. கருப்பூரில் உள்ள அரசு பொறியியல் கல்லூரி, பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு கலைக் கல்லூரிகள், திருச்செங்கோடு சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகள் என இந்த இரு மாவட்டங்களிலேயே இடம் இருக்கிறது. இதற்காகவே வெளியூர் போக வேண்டியதில்லை.

பட்டம் முடித்தவர்கள்: நெட்வொர்க் பக்கம் போக சிசிஎன்ஏ, லினக்ஸ் பக்கம் போக ஆர்ஹெச்சிஎஸ்ஏ சான்றிதழ் தேர்வுகள் தொடக்கநிலைக்கு உதவும். சூப்பர் கம்ப்யூட்டர் நிர்வாகத்துக்கென்றே சி-டாக் முதுநிலை டிப்ளமோ படிப்பு ஒன்றை நடத்துகிறது. பெயர் பிஜி-டிஹெச்பிசிஎஸ்ஏ. காலம் சுமார் 6 மாதம். இதில் சேர சி-கேட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் பயிற்சி மையங்கள் ஐஐடி மெட்ராஸ், ஐஐடி பாலக்காடு ஆகிய இடங்களிலும் உள்ளன.

காசு செலவில்லாமல் வீட்டிலேயே பழகலாமா?

தாராளமாக. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவி, ஒரு மாதம் மவுஸைத் தொடாமல் கமாண்டிலேயே வேலை செய்து பார்க்கலாம். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம். ஸ்விட்ச், ரவுட்டரைத் திரையிலேயே இணைத்துப் பழகலாம். கொஞ்சம் ரேம் அதிகமுள்ள கம்ப்யூட்டர் என்றால், அதற்குள்ளேயே 3 விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கி, ஸ்லர்ம் நிறுவி குட்டி கிளஸ்டர் ஒன்றைக் கட்டிவிடலாம். ஸ்லர்ம் திறந்தமூல மென்பொருள் என்பதால் அதற்கும் கட்டணமில்லை. இப்படிச் செய்ததை எழுதி வைத்தால், நேர்காணலில் சான்றிதழைவிட அது அதிகம் பேசும்.

சேலத்திலேயே வேலை கிடைக்குமா?

இங்கே உண்மையைச் சொல்லியாக வேண்டும். நெட்வொர்க், சர்வர் பராமரிப்பு வேலைகள் சேலம், நாமக்கல்லில் உண்டு. கல்லூரிகள், மருத்துவமனைகள், நூற்பாலைகள், சேலம் உருக்காலை, ரயில்வே கோட்ட அலுவலகம், பிராட்பேண்ட் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் நெட்வொர்க் இருக்கிறது. ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐடி பூங்காவும், கருப்பூரில் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்காவும் உள்ளன. 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை தமிழகத்தில் டான்ஃபிநெட் நிறுவனம் செயல்படுத்துகிறது. கேபிள் இழுப்பதோடு முடியாத வேலை அது; பராமரிப்பு ஆண்டுக்கணக்கில் தொடரும்.

ஆனால், சூப்பர் கம்ப்யூட்டர் நிர்வாக வேலைக்கு ஊரை விட்டுக் கிளம்பத்தான் வேண்டும். திருச்சி என்ஐடி, ஐஐடி மெட்ராஸ், கல்பாக்கம், பெங்களூரு, புனே ஆகியவைதான் இதற்கான இடங்கள். சென்னையைச் சுற்றியுள்ள டேட்டா சென்டர்களும் ஒரு வழி. ஆராய்ச்சி நிறுவனங்களில் பல பணிகள் திட்ட ஊழியர் அடிப்படையில், குறிப்பிட்ட காலத்துக்கானவை. நிரந்தர அரசு வேலை என்று நினைத்துச் சேர்ந்து ஏமாறக்கூடாது.

சிரமங்கள் என்ன?

நைட் ஷிஃப்ட் உண்டு. பண்டிகை நாளிலும் போன் வரும். எல்லாம் சரியாக ஓடினால் யாரும் பாராட்ட மாட்டார்கள். ஒரு மணி நேரம் நின்றால் எல்லோரும் கேட்பார்கள். வெறும் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பது, கேபிள் சொருகுவது போன்ற வேலைகள் ஆட்டோமேஷனால் குறைந்து வருகின்றன. அதனால் பைதான், அன்சிபிள், கிளவுடு என அடுத்தடுத்துக் கற்றுக்கொண்டே இருப்பவரே நிலைக்க முடியும்.

பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன்...

'100 சதவீதம் வேலை உறுதி' என்ற போர்டைப் பார்த்து பல்லாயிரம் ரூபாய் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

• லேபில் நிஜ ஸ்விட்ச், சர்வர் இருக்கிறதா? ஒருவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

• கட்டணத்தில் சர்வதேசத் தேர்வுக் கட்டணம் சேர்ந்ததா, தனியா?

• தரப்போவது அந்த மையத்தின் சான்றிதழா, நிறுவனங்கள் ஏற்கும் சான்றிதழா?

• போன வருடம் படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களிடம் பேச முடியுமா?

• அசல் மதிப்பெண் சான்றிதழைக் கேட்கிறார்களா? கேட்டால், கொடுக்காமல் திரும்பி வந்துவிடுவது நல்லது.

கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு இந்த ஐந்து கேள்விகள் ரொம்ப முக்கியம். முதலில் வீட்டில் ஒரு லினக்ஸ் மெஷினை ஓட்டிப் பாருங்கள். மூன்று மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால், அடுத்த படிப்புக்குப் பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.