ஐஸ் தீர்ந்துபோன கப்பலும் வண்டியில ஏத்துற பிரிட்ஜும்

காரை எடுத்துக்கிட்டு காடு, மலைன்னு கிளம்பி, கூடாரம் போட்டு நாலு நாள் தங்கிட்டு வர்றவங்க இப்ப நிறையப் பேர். அவங்க கிளம்புறதுக்கு முன்னாடி கேட்கிற கேள்வி: "வண்டியில வைக்க எந்த பிரிட்ஜ் வாங்கலாம்?" கடைக்குப் போனா எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதான் தெரியும். விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மாடல் நம்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மக்களே. முதல்ல 1873ல மெல்போர்ன்லேர்ந்து கிளம்பின ஒரு கப்பலோட கதையைக் கேளுங்க.

ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒருத்தர். ஸ்காட்லாந்துக்காரர், ஆஸ்திரேலியாவுல ஜீலாங் ஊர்ல பத்திரிகை நடத்தினவர். அச்செழுத்துகளை ஈதர் ஊத்திக் கழுவும்போது உலோகம் சில்லுனு ஆகறதைப் பார்த்துத்தான் இவருக்குப் பொறி தட்டுச்சுன்னு சொல்வாங்க. திரவம் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும். அந்த ஆவியை அமுக்கித் திரும்பவும் திரவமாக்கிட்டா, அதே வேலையை மறுபடி மறுபடி வாங்கலாம். இந்த யோசனைக்கு லண்டன்ல ஜேக்கப் பெர்கின்ஸ் 1834லேயே காப்புரிமை வாங்கியாச்சு. ஆனா ஐஸ் செஞ்சு விக்கிற அளவுக்கு இயந்திரத்தை வளர்த்த முன்னோடிகள்ல ஹாரிசன் முக்கியமானவர். அது 1850கள்ல.

1873ல நார்ஃபோக்னு ஒரு கப்பல்ல மாமிசத்தை ஏத்தி இங்கிலாந்துக்கு அனுப்பினார். கப்பல்ல அவர் இயந்திரத்தை வைக்கலை. ஐஸை ஏத்தி, அந்தக் குளிரிலேயே ஊர் போய்ச் சேர்ந்துடலாம்னு கணக்குப் போட்டார். நினைச்சதைவிட சீக்கிரமா ஐஸ் தீர்ந்துபோச்சு. மாமிசம் கெட்டுது, போட்ட காசும் போச்சு. ஐஸ் இயந்திரம் செஞ்ச மனுஷனே ஐஸை நம்பிக் கெட்டார்! 1880ல ஸ்ட்ராத்லெவன்ங்கிற நீராவிக் கப்பல் குளிரூட்டும் இயந்திரத்தையே கூட ஏத்திக்கிட்டு, ஆஸ்திரேலிய மாமிசத்தை நல்லபடியா லண்டன்ல இறக்குச்சு.

குளிரை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போறதா, போற வழியிலேயே உண்டாக்கிக்கறதா? பெட்டி வாங்கும்போதும் முதல் கேள்வி இதுதான்.

அதுக்காக ஐஸை மட்டமா நினைக்க வேணாம். 1833ல டஸ்கனி கப்பல் பாஸ்டன்லேர்ந்து 180 டன் ஐஸோட கிளம்பி, நாலு மாசம் கழிச்சு கல்கத்தா போய்ச் சேர்ந்தப்ப 100 டன் அளவுக்கு மிச்சம் இருந்துச்சு. நம்ம சென்னை ஐஸ் ஹவுஸ் (இன்னிக்கு விவேகானந்தர் இல்லம்) அந்த அமெரிக்க ஐஸுக்காகக் கட்டினதுதான். ஆனா பெரிய குவியல் மெதுவா உருகும், சின்னக் கட்டி வேகமா உருகும். உங்க பெட்டியில இருக்கப்போறது அஞ்சு கிலோ. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கிற சூடு சுமார் 93 வாட்-மணி, அவ்வளவுதான். வார இறுதிக்குத் தாங்கும், வாரம் முழுக்கத் தாங்காது.

ஐஸே கிடைக்காத இடத்துல என்ன பண்ணாங்க? 1892ல மேற்கு ஆஸ்திரேலியாவுல கூல்கார்டியில தங்கம் கிடைச்சுது. பாலைவன வெயில். அங்க ஆர்தர் மெக்கார்மிக்ங்கிறவர் 1890களோட கடைசியில ஒரு கம்பிவலை அலமாரி செஞ்சார். மேல தகரத் தட்டுல தண்ணி, சுத்தியும் ஈரச் சாக்கு. காத்து அடிக்க அடிக்க உள்ள குளிரும். நம்ம மண்பானைத் தத்துவமேதான். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது, ஒரு கிலோ ஐஸைவிட ஏழு மடங்கு சூட்டை இழுக்கும். ஆனா காத்து காய்ஞ்சு இருக்கணும். ஐப்பசி அடைமழையில பானைத் தண்ணி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும் :-)

அடுத்து கேஸ்ல ஓடுற வகை. 1922ல ஸ்டாக்ஹோம்ல வான் பிளாட்டன், மண்டர்ஸ்னு ரெண்டு மாணவர்கள் கண்டுபிடிச்சது. மோட்டாரே கிடையாது, சத்தமும் இல்லை, சூடு கொடுத்தா உள்ள அம்மோனியா தானா சுத்தி வரும். உள்ளுக்குள்ள திரவம் தானா வழிஞ்சு இறங்கணும்ங்கிறதால பெட்டி சமமா நிக்கணும். வண்டி சரிவுல நின்னா குளிர் போச்சு.

மலிவா கிடைக்கிறது தெர்மோஎலக்ட்ரிக் வகை. இதோட மூலம் பெல்டியே 1834ல கண்ட விளைவு. ரெண்டு உலோகம் சேர்ற இடத்துல மின்சாரம் பாய்ஞ்சா, அந்த இடம் திசையைப் பொறுத்து சூடாகும் இல்ல குளிரும். வெளிச் சூட்டைவிடச் சுமார் 20 டிகிரி குறைக்கும். வெளியில 40 இருந்தா உள்ள 20. அதுக்குப் பேரு பிரிட்ஜ் இல்லை, நிழல்!

கடைசியா கம்ப்ரெசர். பெர்கின்ஸும் ஹாரிசனும் போட்ட அதே பாதை, கார் பேட்டரியில ஓடுற அளவுக்குச் சின்னதாகி வந்திருக்கு. ஓரளவு சாய்ஞ்சாலும் ஓடும். விலைதான் ஜாஸ்தி.

இப்ப பேட்டரி கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில பாதியைத்தான் எடுக்கணும்னு வச்சுக்குவோம். 600 வாட்-மணி. 50 வாட் தெர்மோஎலக்ட்ரிக் பெட்டி நிக்காம ஓடினா 12 மணி நேரத்துல காலி. 45 வாட் கம்ப்ரெசர் குளிர்ந்ததும் நின்னுடும். பாதி நேரம் ஓடினாக்கூட 26 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பேட்டரி இறங்கினா தானா நின்னுடற வசதி இருக்கான்னு பார்த்து வாங்குங்க, இல்லைன்னா காலையில வண்டி கிளம்பாது.

இவ்வளவு கணக்கு எதுக்குன்னா, என்கிட்ட கேட்டவன் சொந்தக்காரப் பையன். கூடவே அவங்க அம்மாவும் போறாங்க, தினமும் இன்சுலின் போட்டுக்கறவங்க. பிரிக்காத இன்சுலின் 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். உறைஞ்சுட்டா தூக்கித்தான் போடணும். அதனால அவனுக்கு நான் சொன்னது: "கம்ப்ரெசர் வாங்குடா. அஞ்சு டிகிரியில வை, மருந்தைப் பெட்டிச் சுவர் ஓரமா ஒட்டி வைக்காதே, உள்ள ஒரு தெர்மாமீட்டர் போடு."

கலரும் மோரும் மட்டும்தான்னா நல்ல ஐஸ் பெட்டியே போதும், காசை டீசலுக்கு வச்சுக்கலாம். கெட்டுப்போனா உயிருக்கு ஆபத்துங்கிற பொருள் உள்ள இருந்தா, ஹாரிசன் நார்ஃபோக் கப்பல்ல ஏத்தாம விட்ட இயந்திரத்தை நீங்க உங்க வண்டியில ஏத்திடுங்க.