மலையகத்தின் ஓசைகள்: கீர்த்தனை முதல் கீபோர்டு வரை

இலங்கை மலையகத் தோட்டங்களின் காமன் கூத்தில் தப்பு எனும் பறை என்ன பேசுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். விடியுமுன் லயம் எனும் வரிசை வீடுகளின் ஆட்களை எழுப்பிப் பெரட்டு எனும் ஆள்கணக்குக்கு அழைத்ததும் தப்புதான். சாவு வீட்டில் ஒலித்ததும் அதுதான். ஆனால் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோவிலுக்குள் அதற்கு நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. அங்கே ஒலித்தது எது?

முதலில் கீர்த்தனை. 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. நடத்தியது சர்ச் மிஷனரி சங்கம். செலவில் பங்கு கொடுத்தவர்கள் கோப்பித் தோட்டத் துரைமார். உபதேசிமார் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களைச் சேர்த்து ஒரு கீர்த்தனைத் தொகுப்பை அச்சேற்றியிருந்தார். ராகமும் தாளமும் கர்நாடக இசையினுடையவை. உபதேசியார் பல்லவியை எடுத்துக்கொடுத்தால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் திருப்பிப் பாடிவிடலாம். புத்தகம் ஒன்று போதும், வாத்தியம்கூட வேண்டாம்.

1869இல் இலைநோய் தலைகாட்டியது, கோப்பி அழிந்தது. பிறகு தேயிலை வந்தது. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானைப் பக்கங்களில் இறப்பரும் வந்தது. கோவில்களில் ஆர்மோனியம் ஏறியது. இடது கை துருத்தியை அசைக்க, வலது கை மெட்டை வாசிக்கும்; அடியில் ஒரு சுருதி விடாமல் இழைந்துகொண்டிருக்கும். மழைக்குப் பேர்போன சபரகமுவையில் தகரக் கூரை இரையத் தொடங்கினால் அந்தச் சுருதியும் கேட்காது. அப்போது பாடுகிறவர்கள் குரலை உயர்த்த வேண்டும். கீர்த்தனையை உச்சக் குரலில் பாடும் வழக்கத்துக்கு மழையும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

கத்தோலிக்கரின் பூசையோ நெடுங்காலம் இலத்தீனில் நடந்தது. 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு வாசலைத் திறந்தது. அந்தந்த மக்களின் இசை மரபை மதிக்கவும் சொன்னது. தோட்டத்துத் தமிழும் தமிழ் இசையும் பீடத்தருகே வர வழி பிறந்தது.

ஆனால் பாடுகிறவர்களின் நிலை? 1964 அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பாடகர்களும் இருந்தார்கள், தாளம் போட்டவர்களும் இருந்தார்கள். 1977, 1981, 1983இல் தமிழருக்கெதிராக நடந்த வன்செயல்களில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடின. ஒரு லயம் காலியானால் அதன் பாட்டும் கலைந்துபோகும்.

எஞ்சியவர்களுக்குக் கசெட் துணையானது. தமிழ்நாட்டுப் பாதர் பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' தமிழ் பேசும் இடமெல்லாம் பரவியது. பெந்தெகொஸ்தே சபைகள் பெருகின. கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு வந்தன. மேற்கிலோ 1969இல் அமெரிக்கப் பாடகர் லாரி நார்மன் ராக் இசையில் இயேசுவைப் பாடியிருந்தார். பிற்காலத்தில் அங்கே தாளம் அடங்கி, கிட்டாரின் எதிரொலி நீண்டு மிதக்கும் 'அம்பியன்ட்' பாணி வழிபாட்டுக்குள் வந்தது. இன்று போதகர் கண்மூடி ஜெபிக்கும்போது கீபோர்டுக்காரர் ஒரே சுரக்கூட்டை அழுத்திப் பிடித்திருப்பது அந்தப் பாணிதான். ஆனால் விடாமல் இழையும் அந்த நாதம் நம் காதுக்குப் புதிதல்ல. ஆர்மோனியம் அதைத்தான் செய்தது.

தப்பு என்னவாயிற்று? தமிழ்நாட்டில் தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005) இதற்குப் பதில் சொன்னார். மதுரை இறையியல் கல்லூரியில் கற்பித்த அவர், கிராமிய மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சாதி இழிவாக்கிய வாத்தியத்தை இறைவன் முன் வைப்பதே விடுதலை என்பது அவர் நிலைப்பாடு. மலையகத்துக்கும் இது பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தோட்டத்து இளைஞர் இசைக்குழுக்கள் இன்றும் நீடிப்பதில்லை. கிட்டார்க்காரர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவார். பாடும் தங்கை ஆடைத் தொழிற்சாலைக்குப் போவார். தோட்டத்துக் கோவிலின் ஓசை மாறியதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. யார் இருக்க முடிந்தது, யார் போக நேர்ந்தது என்பதே பெரிய காரணம். எனவே வரலாற்றில் மெட்டுகளோடு பாடியவர்களின் பெயர்களும் இடம்பெற வேண்டும். உங்கள் தோட்டத்துக் கோவிலில் பாடிய மூத்தவர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே அவர் குரலைக் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

அடுத்த வாரம்: மாரியம்மன் திருவிழாவின் உடுக்கு.