இரவு பதினொன்றரை மணிக்குப் போட்ட இறுதிப்போட்டி



நைட் டூட்டி முடியும் நேரத்தில் வார்டு கொஞ்சம் அமைதியானால், டீ கிளாஸோடு உட்கார்ந்து செல்போனில் நான் பார்ப்பது அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து. ஜூன் மாத இறுதிப்போட்டி நியூயார்க்கில் இரவு எட்டரை மணிக்கு ஆரம்பித்தால் நமக்குக் காலை ஆறு.

கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "48 நிமிஷ ஆட்டம்தானே சார், ஏன் ரெண்டே கால் மணி நேரம் இழுக்குது? நிமிஷத்தைக் குறைச்சா இன்னும் நிறைய பேர் பார்ப்பாங்கள்ல?"

நியாயமான கேள்விதான். ஆனா இந்த லீக்கின் வரலாற்றைப் பார்த்தால் பதில் வேற மாதிரி இருக்கு. பொறுமையா படிங்க.

முதல்ல, இந்த 48 நிமிடம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆட்டம் 40 நிமிடம். 1946இல் இந்த லீக்கைத் தொடங்கியவர்களில் பலர் பெரிய உள்ளரங்குகளின் உரிமையாளர்கள். ஐஸ் ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்கம் காலியா கிடக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. டிக்கெட் வாங்கி வருபவருக்கு ஒரு மாலைப்பொழுது முழுசா கிடைக்கணும் என்று 8 நிமிடம் கூட்டினார்கள். ஆக, அது வியாபாரம் போட்ட நிமிடக் கணக்கு.

அடுத்து 1950 நவம்பர் 22க்கு வாங்க.

மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் என்ற ஆறு அடி பத்து அங்குல மனிதர். அவரை மடக்க ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தது. பந்தை வாங்கி வீசாமலே கையில் வைத்துக்கொள்வது! விதியில் அதற்குத் தடை இல்லை.

முடிவு 19-18. பிஸ்டன்ஸ் வெற்றி. கடைசி 12 நிமிடத்தில் இரண்டு அணியும் சேர்ந்து எடுத்தது வெறும் 4 புள்ளி. காசு கொடுத்து வந்த ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். என்.பி.ஏ.வில் இன்றுவரை மிகக் குறைந்த புள்ளிகள் எடுக்கப்பட்ட ஆட்டம் அதுதான்.

அதுவும் 48 நிமிட ஆட்டம்தான் என்பதை மனசுல வச்சுக்கோங்க.

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் டேனி பயசோன். சிராக்யூஸ் அணியின் உரிமையாளர், பவுலிங் விளையாட்டுக் கூடம் நடத்தியவர். நல்லா ரசிக்கும்படி இருந்த ஆட்டங்களில் ஒரு அணி சுமார் 60 முறை பந்தை வீசியிருந்தது. இரண்டு அணிக்கும் 120. ஆட்ட நேரம் 2880 விநாடி. வகுத்தால் 24.

பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் வீசியாக வேண்டும் என்ற விதி 1954இல் வந்தது. ஒரு அணியின் சராசரி ஒரே சீசனில் 79இல் இருந்து 93 புள்ளிக்குத் தாவியது. ஆட்ட நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. சும்மா கழிந்த நேரத்தைத்தான் வெட்டினார்கள்.

சரி, ஆட்டம் நல்லாயிட்டா மட்டும் போதுமா? போதாது.

1980 மே 16, வெள்ளிக்கிழமை. பிலடெல்பியாவில் இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டம். லேக்கர்ஸின் தூண் கரீம் அப்துல் ஜப்பார் கணுக்காலில் அடிபட்டு ஊரிலேயே இருக்கிறார். அவர் இடத்தில் இறங்கியது 20 வயது புதுப்பையன் மேஜிக் ஜான்சன். 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். கோப்பை லேக்கர்ஸுக்கு.

அந்த ஆட்டத்தை அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் யாரும் நேரலையில் பார்க்கவில்லை! சி.பி.எஸ். தொலைக்காட்சி அந்த நேரத்தில் வழக்கமான தொடர்களை ஓட்டிவிட்டு, கிழக்குப் பகுதியில் இரவு 11:30க்குத்தான் பதிவை ஒளிபரப்பியது. காரணம் மே மாதம். பார்வையாளர்களைக் கணக்கெடுத்து விளம்பரக் கட்டணத்தை நிர்ணயிக்கும் மாதம் அது. கூடைப்பந்தை நம்பி வெள்ளிக்கிழமை இரவை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனசில்லை.

யோசிச்சுப் பாருங்க. ஒரு பத்து வயசுப் பிள்ளை அந்த ஆட்டத்தை எப்படிப் பார்த்திருக்கும்?

1981 இறுதியிலும் ஆறில் நான்கு ஆட்டங்கள் இப்படித்தான் தாமதமாக வந்தன. அதன் பிறகு சீசன் தொடக்கத்தை அக்டோபர் இறுதிக்குத் தள்ளினார்கள். 1982 இறுதிப்போட்டி மே 27இல் தொடங்கி ஜூன் 8இல் முடிந்தது. எல்லா ஆட்டமும் நேரலை. மேஜிக்கும் லாரி பேர்டும் மோதிய 1984 இறுதியை நாடே உட்கார்ந்து பார்த்தது. நாட்காட்டியில் சில வாரம் நகர்த்தியதற்கும் அதில் பங்கு உண்டு.

இப்ப நண்பரின் கேள்விக்கு வர்றேன்.

2014 அக்டோபரில் புரூக்ளின், பாஸ்டன் அணிகளை வைத்து 44 நிமிடப் பயிற்சி ஆட்டம் நடத்திப் பார்த்தார்கள். 1 மணி 58 நிமிடத்தில் முடிந்தது. வீரர்கள் துள்ளிக் குதிக்கவில்லை. "பிரச்சினை நிமிடம் இல்லை, ஆட்டங்களின் எண்ணிக்கை" என்ற கருத்தைச் சொன்னவர் லெப்ரான் ஜேம்ஸ்.

மருத்துவராக நான் அவர் பக்கம். ஆறு மாதத்தில் 82 ஆட்டம். இன்றிரவு ஒரு ஊர், விமானம், நாளை இரவு வேறு ஊர். தசை தேறுவதற்குத் தூக்கமும் ஓய்வும் வேணும். 2017இல் ஐந்து இரவில் நான்கு ஆட்டம் என்ற கொடுமையை ஒழித்தார்கள். அதே ஆண்டில் ஒரு ஆட்டத்தின் டைம் அவுட்களை 18இல் இருந்து 14 ஆக்கினார்கள். இரண்டுமே சரியான சிகிச்சை.

2025இல் லீக்கின் தலைவர் ஆடம் சில்வர் 40 நிமிடம் தனக்குப் பிடிக்கும் என்றார். ஒரு அணிக்கு சீசனில் 656 நிமிடம் குறையும். ஏறக்குறைய 14 ஆட்டத்துக்குச் சமம். ஆனா தொலைக்காட்சிக்கு விற்கும் ஆட்டங்கள் 82 அப்படியே இருக்கும். பயண அலைச்சலும் அப்படியே இருக்கும்!

எங்க ஓ.பி.யில் தினமும் பார்ப்பது இதுதான். டாக்டர் பத்து நிமிடம் பேசினார் என்று எந்த நோயாளியும் கோபப்படுவதில்லை. வரிசையில் இரண்டு மணி நேரம் காக்க வைத்ததுக்குத்தான் கோபம்.

ரசிகரும் அப்படித்தான். ஆட்டம் நீளமா இருக்கேன்னு அவர் எழுந்து போவதில்லை. கடைசி இரண்டு நிமிடம் டைம் அவுட்டும் விளம்பரமுமா கால் மணி நேரம் இழுக்கும்போதுதான் எழுந்து போகிறார். வாரநாளில் இரண்டாவது ஆட்டம் நியூயார்க் நேரப்படி இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால், அங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளை இன்னிக்கும் தூங்கிப் போயிருக்கும். 1980இல் தூங்கிப்போன பிள்ளை மாதிரியே.

48ஐ விட்டுடலாம். வீணாகும் நேரத்தை வெட்டணும். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் ஆட்டத்தைப் போடணும்.

வரலாறு சொல்லும் மருந்துச் சீட்டு இவ்வளவுதான்.